புடிச்ச பாடகியோட முதல் உலக டூர் அறிவிச்சாச்சு: ரசிகர்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நமக்கு உயிரா இருக்குற ஒரு பாப் பாடகி மொதல் தடவையா உலக டூர் கிளம்புறாங்கன்னு போஸ்டர் வந்துடுச்சுன்னு வைங்க, அதுல இருக்குறது ஊர் பேரும் தேதியும் மட்டும்தான். மத்தத எல்லாம் ரசிகர்கள் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக் கேட்டுதான் தெரிஞ்சுக்கணும். பல வருஷமா டூர் விஷயங்கள ஃபாலோ பண்றதால என்கிட்ட இதே கேள்விங்க திரும்பத் திரும்ப வருது, அதான் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். இதுல பாதிக்கு மேல பதில் மூணே விஷயத்துல அடங்கிடும்: சரக்கு (அதாவது மேடை சாமான்), நாள், தொண்டை. ஒரு டூர் எங்க போகும், எப்ப நிக்கும், ஏன் டிக்கெட் இந்த விலை, எல்லாம் கடைசில இந்த மூணுகிட்டதான் போய் முட்டும்.

கே: உலக டூர்னா உலகம் பூரா போவாங்களா?

இல்லங்க. ரெண்டு மூணு கண்டத்த தொட்டாலே அது உலக டூர்தான். இங்கிலாந்து பேண்ட் பீட்டில்ஸ் 1964 ஜூன்ல கிளம்புனாங்களே, டென்மார்க், நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு சில நாடுங்கதான், அதையும் உலக டூர்னுதான் சொல்றோம். டெய்லர் ஸ்விஃப்ட்டோட எராஸ் டூர் 2023 மார்ச் 17ல ஆரம்பிச்சு 2024 டிசம்பர் 8ல முடிஞ்சுது, 149 ஷோ, அஞ்சு கண்டம். ஆனா அது அவங்களுக்கு ஆறாவது டூர், அத வச்சு ஒரு புது பாடகியோட மொதல் டூர அளக்காதீங்க, அது நியாயமே இல்ல. மொதல் டூர் பெரும்பாலும் லெக் லெக்கா வரும், அதாவது ஒரு கண்டத்த முடிச்சுட்டு கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு அடுத்த கண்டம். மொத லெக் நல்லா வித்தாதான் அடுத்த லெக்க அறிவிப்பாங்க, அதனால மொத போஸ்டர்ல உங்க நாடு இல்லன்னா கதை முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சுக்க வேணாம்.

கே: எங்க ஊர் ஏன் லிஸ்ட்ல இல்ல? இங்க ரசிகர்களே இல்லன்னு நெனச்சுட்டாங்களா?

இதுதான் அதிகமா மனசு நோகுற கேள்வி, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். உங்க ஊர்ல யாரு எத்தன பேரு பாட்டு கேக்குறாங்கன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும், ஸ்ட்ரீமிங் ஆப்ல ஊர் வாரியா கணக்கு வந்துடுது. பிரச்சனை வேற இடத்துல.

ஒரு ஷோவுக்கு மேடை, லைட், ஸ்பீக்கர், ஸ்க்ரீன், ட்ரெஸ் பெட்டி, இன்ஸ்ட்ருமெண்ட்னு ட்ரக் ட்ரக்கா சரக்கு நகரணும். ஐரோப்பாவுல ஒரு ட்ரக் டிரைவர் சாதாரணமா ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், நாலரை மணி நேரம் ஓட்டுனா 45 நிமிஷம் நிறுத்தி ரெஸ்ட் எடுத்தே ஆகணும், சட்டமே அப்படி. அப்ப ராத்திரி ஷோ முடிச்சு சரக்க ஏத்திட்டு எவ்ளோ தூரம் போக முடியுமோ அங்கதான் அடுத்த ஊர் இருக்கும். மேப்ப எடுத்து வச்சு தேதிய வரிசையா கோடு போட்டுப் பாருங்க, அந்த கோடு ரசிகர்கள் இருக்குற பக்கம் போறத விட ரோடு இருக்குற பக்கம் போறது தெரியும்.

கடல் தாண்டணும்னா இன்னும் கஷ்டம். கப்பல்ல போட்டா வாரக்கணக்குல ஆகும், ப்ளேன்ல போட்டா செலவு எக்கச்சக்கம். பெரிய ஆளுங்க இதுக்கு ஒரே மேடைய ரெண்டு மூணு செட் செஞ்சு வச்சுக்குவாங்க, யூ2ன்னு அயர்லாந்து பேண்ட் அவங்களோட 360 டிகிரி டூர்ல (2009ல இருந்து 2011 வரைக்கும்) நாலு கால் வச்ச அந்த ராட்சச இரும்பு மேடைக் கூண்ட மூணு செட் வச்சிருந்தாங்க, ஒண்ணுல ஷோ நடக்கும்போது இன்னொண்ண அடுத்த ஊர்ல கட்டிட்டு இருப்பாங்க. மொதல் டூர் போறவங்களுக்கு அது கனவு. அவங்க பல சமயம் ஸ்பீக்கர், லைட்ட எல்லாம் அங்கங்க வாடகைக்கு எடுத்துட்டு முக்கியமான சாமான மட்டும் தூக்கிட்டுப் போவாங்க. அந்த சாமானுக்கும் ஏடிஏ கார்னேன்னு ஒரு கஸ்டம்ஸ் பேப்பர் போடணும், சரக்குக்கு பாஸ்போர்ட் மாதிரி வச்சுக்கோங்களேன். ஒவ்வொரு கிட்டார், ஒவ்வொரு மைக், சீரியல் நம்பரோட லிஸ்ட்ல இருக்கணும், உள்ள போனது எல்லாம் ஒண்ணு விடாம வெளிய வரணும், இல்லன்னா வரி கட்டணும். இந்த கார்னே ஒத்துக்காத நாடுங்களும் இருக்கு, அங்க போக தனியா வேல பாக்கணும்.

அப்புறம் சீசன். ஐரோப்பாவுல ஓப்பன் ஸ்டேடியம்னா ஜூன் ஜூலை ஆகஸ்ட், பூமத்திய ரேகைக்கு தெக்கால ஆஸ்திரேலியா, பிரேசில் பக்கம் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். உங்க ஊர் மழைக்காலம் அவங்க ரூட்ல அந்தப் பக்கம் வர்ற மாசத்துல விழுந்தா அவ்ளோதான், தாண்டிப் போயிடுவாங்க. இதெல்லாம் பாத்துதான் சில பேரு ஊர் ஊரா அலையாம ஒரே ஊர்ல பல நாள் தங்கிடுறாங்க, எராஸ் டூர் 2024 மார்ச்ல சிங்கப்பூர்ல ஆறு ராத்திரி நடந்துச்சு, சுத்துப்பட்டு நாட்டுக்காரங்க எல்லாம் அங்க பறந்து போனாங்க. ரசிகருக்கு அது அநியாயமாத்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது, ஆனா சரக்கையும் நாளையும் கூட்டிப் பாத்தா ஏன்னு புரியுது.

கே: இவ்ளோ ரசிகர்கள் இருந்தும் ஏன் சின்ன ஹால்ல வைக்கிறாங்க?

மொதல் டூர்ல 3,000 பேர் ஹால் நெறஞ்சா அடுத்த தடவ 12,000 பேர் அரீனாவுக்கு ப்ரொமோட்டர் (ஷோவ ஏற்பாடு பண்றவரு) தைரியமா கை போடுவாரு. 12,000ல பாதி காலியா இருந்துச்சுன்னா அந்த போட்டோ அடுத்த டூர் வரைக்கும் தொரத்தும். என்னக் கேட்டா மொதல் டூரோட சின்ன ஹால் மாதிரி ஒரு பாக்கியம் இல்லங்க, அவங்க மூச்சு இழுக்குறதே மைக்ல கேக்கும்.

கே: டிக்கெட் ரெண்டே நிமிஷத்துல காலின்னு காட்டுது, உண்மையாவே வித்துடுச்சா?

பாதி உண்மை. ஒரு ஹால்ல இருக்குற எல்லா சீட்டும் ஒரே நேரத்துல விக்கறதில்ல. ஃபேன் க்ளப் ப்ரீசேல் (பொது விற்பனைக்கு முன்னாடி நடக்குற விற்பனை), பேங்க் கார்டு ப்ரீசேல், ப்ரொமோட்டர் ப்ரீசேல், ஸ்பான்சருக்கு கொஞ்சம், பாடகியோட குடும்பத்துக்கு கொஞ்சம், எல்லாம் போகத்தான் பொது விற்பனை. நீங்க க்யூல நின்னது அந்த மிச்சத்துக்கு. மிச்சம்கூட சமாளிக்க முடியாத கூட்டம் வரும், எராஸ் டூர் ப்ரீசேலுக்கு 2022 நவம்பர்ல 35 லட்சம் பேருக்கு மேல பதிவு பண்ணியிருந்தாங்க, சைட் தெணறி பொது விற்பனையையே கேன்சல் பண்ணாங்க, 2023 ஜனவரில அமெரிக்க செனட் வரைக்கும் போச்சு அந்த விஷயம்.

விலை திடீர்னு ஏறுறது வேற கதை. டிமாண்டுக்கு ஏத்த மாதிரி விலைய ஏத்துற முறை இருக்கு, இங்கிலாந்து பேண்ட் ஓயாசிஸ் திரும்ப சேர்ந்தப்போ 2024 ஆகஸ்ட்ல 148 பவுண்ட்னு நெனச்சு மணிக்கணக்கா க்யூல நின்னவங்க உள்ள போனா 355 பவுண்ட் காட்டுச்சு. இது எனக்கு சுத்தமா புடிக்காது, விலைய க்யூல நிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். பாடகி தரப்பு ஒத்துக்கலன்னா இந்த முறைய போட முடியாத இடங்கள் நெறைய இருக்கு, அதனால ரசிகர்கள் மரியாதையா ஆனா அழுத்தமா கேக்கறதுல தப்பே இல்ல.

இப்ப உபயோகமான ஒரு விஷயம். டிக்கெட் விக்க ஆரம்பிக்கும்போது மேடை டிசைனே பல தடவ முடிஞ்சிருக்காது, அதனால கேமரா எங்க வரும், ஸ்பீக்கர் எத மறைக்கும், சவுண்ட் மிக்ஸிங் டெஸ்க் எவ்ளோ எடம் அடைக்கும்னு தெரியாம கொஞ்சம் சீட்ட ஒதுக்கி வச்சுடுவாங்க. ஷோவுக்கு சில நாள் முன்னாடி, சில சமயம் அன்னிக்கு காலைலயே, மேடைய கட்டிப் பாத்துட்டு தேவப்படாத சீட்ட விடுவாங்க. அதுவும் சாதாரண விலைலயே வரும், சில சமயம் மேடைக்கு பக்கத்துலயே வரும். மொத நாள் கெடைக்கலன்னு ப்ளாக்ல வாங்க ஓடாதீங்க, கடைசி வாரம் தெனம் ரெண்டு தடவ அந்த அதிகாரப்பூர்வ பக்கத்த தொறந்து பாருங்க.

கே: சோஷியல் மீடியால ஒருத்தர் எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்குன்னு சொல்றாரே, வாங்கலாமா?

வேணாம். க்யூஆர் கோட் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனா கண்டிப்பா வேணாம், ஒரே ஸ்க்ரீன்ஷாட்ட பத்து பேருக்கு வித்திருப்பாங்க, கேட்ல மொதல்ல ஸ்கேன் ஆனவங்க உள்ள, மிச்சம் ஒம்பது பேர் வெளிய. டிக்கெட் வித்த ஆப்லயே மாத்திக் குடுக்குற வசதி இருந்தா அது வழியா மட்டும் வாங்குங்க.

கே: இவ்ளோ விலைக்கு விக்கறாங்களே, பாடகிக்கு செம லாபமா?

மொதல் டூர்லயா? பெரும்பாலும் கைக்கு வர்றது கம்மி. டிக்கெட் காசுல ஹால் வாடகை, விளம்பரம், செக்யூரிட்டி, இன்ஷூரன்ஸ், வரி போகணும். மிச்சத்துல பாடகிக்கு வர்ற பங்குலதான் அவங்க பேண்ட், டான்ஸர், க்ரூ சம்பளம், பஸ், ஹோட்டல், விசா, சரக்கு எல்லாம். ஷோ இல்லாத நாளுக்கும் சம்பளமும் ஹோட்டலும் உண்டு, அதனாலதான் நாள்னு சொன்னேன், காலியா கெடக்குற ஒவ்வொரு நாளும் காசு. மொதல் டூர் போற பல பேர தூக்கி நிறுத்துறது வாசல்ல விக்குற டி-ஷர்ட்டுதான். அதுலயும் ஹால்காரங்க ஒரு கமிஷன் எடுக்குற எடம் உண்டு, அதனால பாடகியோட சொந்த சைட்ல வாங்குனா அவங்களுக்கு கொஞ்சம் கூட போய்ச் சேரும்.

கே: கடைசி நேரத்துல ஷோவ கேன்சல் பண்ணிட்டாங்க, ரசிகர்கள் மேல மரியாதையே இல்லையா?

இத கோவத்தோட கேக்கறவங்களுக்கு நான் தொண்டைய பத்தி சொல்லுவேன். ஒரு பொண்ணு 440 ஹெர்ட்ஸ்ல, அதாவது இன்ஸ்ட்ருமெண்ட் ட்யூன் பண்ற அந்த ஏ சுரத்துல பாடுறாங்கன்னா தொண்டைக்குள்ள இருக்குற ரெண்டு குரல் நாண் செகண்டுக்கு 440 தடவ ஒண்ணோட ஒண்ணு மோதுது. அந்த நாண் ஒவ்வொண்ணும் கட்டைவிரல் நகத்த விட பெருசா ஒண்ணும் இருக்காது. ரெண்டு மணி நேரம் பாடுனா எத்தன லட்சம் தடவ மோதியிருக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் ஏசி ஓடுற பஸ், வறண்ட காத்து ப்ளேன், தூக்கமில்லாத ராத்திரி, மறுநாள் திரும்ப அதே ரெண்டு மணி நேரம்.

லேசா சளி புடிச்சு நாண் வீங்கியிருக்கும்போது அழுத்திப் பாடுனா உள்ள சின்ன ரத்தக்குழாய் வெடிச்சுடலாம். இங்கிலாந்து பாடகி அடெல் 2011ல அமெரிக்க டூர ரத்து பண்ணாங்களே, தொண்டைல ரத்தக்கசிவுதான் காரணம், அந்த வருஷம் நவம்பர்ல ஆபரேஷனே பண்ணாங்க. 2017ல லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல கடைசி ரெண்டு ஷோவயும் தொண்ட கெட்டுப்போய்தான் கேன்சல் பண்ணாங்க. அதனாலதான் விவரமான டீம் ரெண்டு ஷோவுக்கு நடுவுல ஒரு நாள் விடும், அந்த நாள்ல பல பாடகிங்க ஒரு வார்த்த பேச மாட்டாங்க, ஃபோன்ல டைப் பண்ணி காட்டுவாங்க. கிசுகிசுன்னு பேசுறது ரெஸ்ட்டுன்னு நெறைய பேரு நெனைக்கிறோம், அதுவும் நாண இறுக்கத்தான் செய்யுது, வாய மூடிட்டு இருக்கறதுதான் ரெஸ்ட்.

ட்ரம்மருக்கு ஒடம்பு சரியில்லன்னா ஆள மாத்தலாம். பீட்டில்ஸோட அந்த 1964 டூர்லயே கிளம்புறதுக்கு மொத நாள் அவங்க ட்ரம்மர் ரிங்கோ ஸ்டாருக்கு டான்சில் வந்து ஆஸ்பத்திரில படுத்துட்டாரு, ஜிம்மி நிக்கல்னு ஒரு ட்ரம்மர கூட்டிட்டுப் போய் ஷோவ நடத்துனாங்க, ரிங்கோ மெல்போர்ன்ல வந்து சேர்ந்துக்கிட்டாரு. பாடகியோட தொண்டைக்கு அப்படி ஒரு மாத்து ஆள் கெடையாது. அதனால கேன்சல்னு செய்தி வந்தா டிக்கெட்ட பத்திரமா வச்சுக்கோங்க, தள்ளி வச்சாங்கன்னா அதே டிக்கெட் புது தேதிக்கு செல்லும், முழுசா ரத்துன்னா வாங்குன எடத்துல பணம் திரும்பும். ஹோட்டலும் ப்ளேனும் மட்டும் யாரும் திருப்பித் தர மாட்டாங்க, அதனால அத மாத்திக்கிற மாதிரி புக் பண்றது நல்லது.

கே: உண்மையாவே லைவ்வா பாடுறாங்களா, காதுல அது என்ன?

மெயின் குரல் லைவ், பின்னாடி கோரஸ், சில இன்ஸ்ட்ருமெண்ட் எல்லாம் ட்ராக்ல ஓடும், பாப் டூர்ல இது சாதாரணம். ஓடி ஆடிட்டே பாடுற எடத்துல ட்ராக்ல அவங்க குரலே கொஞ்சம் தாங்கிப் புடிக்கும், அத நான் ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன், அந்த தொண்ட நாளைக்கும் வேணும்.

காதுல இருக்குறது இன்-இயர் மானிட்டர். அவங்க காதுல மோல்ட் எடுத்து செஞ்சது, அதுல அவங்க குரல், பேண்ட், அப்புறம் தாளம் தப்பாம இருக்க டிக் டிக்னு ஒரு க்ளிக். இது இல்லாத காலத்துல என்ன ஆச்சுன்னா, பீட்டில்ஸ் 1965 ஆகஸ்ட் 15ல நியூயார்க் ஷே ஸ்டேடியத்துல 55,000 பேருக்கு மேல கூடுன கூட்டத்துக்கு நடுவுல பாடுனாங்க, சனங்க போட்ட கூச்சல்ல அவங்க பாடுறது அவங்களுக்கே கேக்கல. அடுத்த வருஷத்தோட டூர் போறதையே விட்டுட்டாங்க. இப்ப ஒரு பாடகி பாட்டு நடுவுல ஒரு காதுல இருந்து அத புடுங்கிட்டு கண்ண மூடி நிப்பாங்க பாருங்க, நீங்க பாடுறத கேக்கத்தான் அது. அடுத்த தடவ அத பாத்தா இன்னும் சத்தமா பாடுங்க.

கே: எல்லா ஊர்லயும் ஏன் அதே பாட்டு அதே வரிசைல?

லைட், வீடியோ, பொகை, நெருப்பு எல்லாம் அந்த க்ளிக்கோட சேர்த்து டைம்கோட்ல (எந்த செகண்ட்ல எது நடக்கணும்ங்கற கணக்குல) கட்டியிருக்கு. ஒரு பாட்ட மாத்துனா பத்து டிப்பார்ட்மெண்ட் மாத்தணும், ட்ரெஸ் மாத்துற நேரம்கூட இத்தன செகண்டுன்னு கணக்கு பண்ணியிருப்பாங்க. அதனால கிட்டாரோ பியானோவோ வச்சு தனியா பாடுற ஒரு எடத்த மட்டும் ஃப்ரீயா விட்டிருப்பாங்க, உங்க ஊருக்குன்னு ஏதாச்சும் ஸ்பெஷலா வர்றதுன்னா அங்கதான் வரும்.

கே: சவுண்ட் நல்லா கேக்க எங்க உக்காரணும்?

மிக்ஸிங் டெஸ்க் பக்கத்துல. சவுண்ட் இன்ஜினியர் எங்க நின்னு கேட்டு சரி பண்றாரோ அங்கதான் அது சரியா கேக்கும். பெரிய ஸ்டேடியம்னா சத்தம் செகண்டுக்கு சுமாரா 340 மீட்டர்தான் போகும், 100 மீட்டர் தள்ளி நின்னா கிட்டத்தட்ட 0.3 செகண்ட் லேட்டு, அதனால பின்னாடி தனியா ஸ்பீக்கர் டவர் வச்சு அதுல வர்ற சத்தத்தையும் கணக்கா லேட் பண்ணித்தான் விடுவாங்க. ஸ்க்ரீன்ல வாய் அசைவும் பாட்டும் ஒத்து வரலன்னா அவங்க உதட்ட மட்டும் அசைக்கறாங்கன்னு சொல்லிடாதீங்க, நீங்க தூரமா நிக்கறீங்க.

கே: காதுக்கு இயர்ப்ளக் போட்டா கான்செர்ட்டோட ஃபீல் போயிடாதா?

போகாது. தயவு செஞ்சு போடுங்க. நான் ஒரு ஷோவுல மேடைக்கு எடது பக்க ஸ்பீக்கருக்கு நேரா மூணு மணி நேரம் நின்னேன், வெளிய வந்தப்போ கூட வந்தவன் பேசுறது தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேட்டுச்சு, காதுல "ங்ங்ங்"னு ஒரு சத்தம், ரெண்டு நாள் போகல. மூணாவது நாள் காலைல அது நின்னப்போதான் எனக்கு உயிரே வந்துச்சு, சில பேருக்கு அது நிக்கறதே இல்ல. 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். ஷோ எவ்ளோ நேரம்னு உங்களுக்கே தெரியும். இசைக்குன்னே செஞ்ச ப்ளக் கெடைக்குது, அது சத்தத்த மட்டும் கொறச்சு பாட்ட மங்கவிடாம குடுக்கும். பஞ்சு மாதிரி இருக்குற ப்ளக்குன்னா நல்லா உருட்டி, காத மேல இழுத்துப் புடிச்சு உள்ள விட்டு அது விரியற வரைக்கும் விரலால அழுத்தி வைங்க. கொழந்தைங்கள கூட்டிட்டுப் போனா இயர்மஃப் இல்லாம உள்ள போகவே போகாதீங்க.

கே: ஸ்டாண்டிங் டிக்கெட் எடுத்திருக்கேன், கூட்டத்துல பயமா இருக்கு.

பயம் நியாயமானது. 2021 நவம்பர் 5ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்ட்ங்கற இசை விழால 10 பேர் செத்தாங்க, மிதிபட்டு இல்ல, நெருக்கத்துல நெஞ்சு விரிய எடமில்லாம மூச்சு நின்னு. அதனால நாலா பக்கமும் ஆளுங்க ஒடம்பு ஒட்டி, கூட்டம் அசையும்போது நீங்களும் சேர்ந்து அசையிறீங்கன்னா அப்பவே வெளிய வரணும், அடுத்த பாட்டு வரைக்கும்னு நிக்கக் கூடாது. கைய கீழ தொங்க விடாம நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வைங்க, மூச்சுக்கு அந்த எடம் வேணும். தள்ளு வரும்போது எதிர்த்து நிக்காதீங்க, அது தளர்ற நேரத்துல குறுக்கால சாஞ்ச வாக்குல ஓரத்துக்கு நகருங்க. பக்கத்துல யாராச்சும் விழுந்தா உடனே தூக்குங்க, சுத்தி நிக்கறவங்ககிட்ட கத்தி சொல்லுங்க, பாடகி காதுல விழுந்தா அவங்களே பாட்ட நிறுத்துவாங்க, பல பேரு நிறுத்தியிருக்காங்க.

வெயிலும் சாதாரணம் இல்ல. 2023 நவம்பர்ல பிரேசில் ரியோவுல அனல் தாங்காம ஒரு ரசிகை எராஸ் டூர் ஷோவுலயே மயங்கி விழுந்து எறந்தாங்க, அதுக்கப்புறம்தான் பிரேசில் அரசு சொந்தத் தண்ணி பாட்டில உள்ள விடணும்னு உத்தரவு போட்டுச்சு. தண்ணி எங்க கெடைக்கும்னு உள்ள போனதும் மொதல்ல பாத்து வச்சுக்கோங்க.

கே: ஓப்பனிங் ஆக்ட்டுக்கு (மெயின் பாடகிக்கு முன்னாடி பாடுறவங்களுக்கு) லேட்டா வந்தா பரவால்லையா?

சீக்கிரம் வாங்க. உங்க பாடகியும் ஒரு காலத்துல பாதி காலியான ஹால்ல அந்த எடத்துல நின்னவங்களா இருக்கலாம்.

கே: ஷோ முடிஞ்சதும் ஒடனே கிளம்பிடணுமா?

வெளிய ட்ராஃபிக் எப்படியும் நகராது, செக்யூரிட்டி போகச் சொல்ற வரைக்கும் ஒரு பத்து நிமிஷம் சீட்லயே இருந்து மேடைய பாருங்க. ஹால் லைட் போட்டதும் கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஆளுங்க எங்கெங்க இருந்தோ வருவாங்க. தரையில பாடகி நிக்குற எடத்துக்கு ஒட்டியிருந்த டேப்ப ஒருத்தர் பிச்சு எடுப்பாரு, அவங்க காலடியில ஒட்டியிருந்த செட்லிஸ்ட் (பாட்டு வரிசை) பேப்பர முன்வரிசைல நிக்குற ஒரு கொழந்தைக்கு குடுத்தாலும் குடுப்பாரு. மேல இருந்து லைட்டு கம்பி மெதுவா எறங்கும், சக்கரம் வச்ச பெட்டிங்க வரிசையா உருளும், எந்தப் பெட்டி எந்த ட்ரக்ல எத்தனாவதா ஏறணும்னு ஒவ்வொண்ணு மேலயும் எழுதியிருக்கும். பாடகி அதுக்குள்ள கழுத்துல துண்ட சுத்திக்கிட்டு வாயத் தொறக்காம பஸ்ல உக்காந்திருப்பாங்க. விடியறதுக்குள்ள அந்த ஹால் வெறும் தரையா ஆயிடும், ட்ரக்கு எல்லாம் அடுத்த ஊர் ரோட்டுல இருக்கும்.